கேட்டில் கேட்ட கேள்வி

தங்கச்சியாம், தங்கச்சி... யாருக்கு யார் தங்கச்சி, அவர் ராமநாதபுரத்துக்காரர், இவள் திண்டுக்கல்லில் மாதா கோவில் தெருவில் பிறந்தவள், அவர் நெற்றியில் காலையில் இட்ட திருநீறு இன்னும் அழியவில்லை, இவள் கழுத்தில் சங்கிலியோடு சிலுவை வெளியே தொங்குகிறது, எந்தக் கண்ணால் பார்த்து நம்பினான் அந்தக் காவல்காரன், நம்பித்தான் விட்டானா, குட்காவை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தானே, அது நம்பின சிரிப்பா... பிலோமினா சரளைக்கல் பாதையை மிதித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் சந்திரசேகர் வருகிறாரா என்று திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வந்தால் வரட்டும். டிக்கெட் வாங்கி, பையைத் திறந்து காட்டி, பிளாஸ்டிக் எதுவும் இல்லை என்று சொல்லி எல்லாம் ஆன பிறகு, அந்தப் பையன், மகன் ஜெரால்டைவிடச் சின்னவனாக இருப்பான், கையைக் குறுக்கே நீட்டி, "அங்கிள்ஜி, ஏ ஆண்ட்டிஜி ஆப்கி கோன் ஹை? ரிஷ்தா க்யா ஹை?" என்றான். இந்த அம்மா உங்களுக்கு யார், என்ன உறவு! போலீஸ் ஸ்டேஷனில்கூட உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இப்படிக் கேட்பார்கள். ஏரிப் பக்கம் ஜோடிகளுக்கு அனுமதி இல்லையாம், குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும்தானாம், சரணாலயத்தை ஒட்டின இடமாம், மிருகங்களுக்குத் தொந்தரவாம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறதா இல்லையா என்று ஒரு நீலகாய் மானுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நல்ல சூடான பதிலாக ஒன்றை பிலோமினா ஹிந்தியில் கோத்துக்கொண்டிருக்கும்போதே, கண்டக்டரிடம் இறங்குமிடம் சொல்வது மாதிரி, பக்கத்திலிருந்து, "சிஸ்டர் ஹை" என்றார் சந்திரசேகர். "அச்சா, பெஹன்ஜி! ஜாயியே, ஜாயியே", ஓ தங்கச்சியா, போங்க போங்க என்று கை விலகியது.

சிஸ்டர்... அந்த வார்த்தைதான் முள்ளாகக் குத்துகிறது. ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கட்டிலில் கிடக்கிறவர், அவரைப் பார்க்க வருகிறவர், லிஃப்ட்காரன், நேற்று வேலையில் சேர்ந்த டாக்டர், தமிழோ ஹிந்தியோ பஞ்சாபியோ எந்த வாயிலிருந்து வந்தாலும் சிஸ்டர் என்றால் நர்ஸ், அவ்வளவுதான் அர்த்தம். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார், அவருடைய மனைவி முத்தம்மா டயாலிசிஸுக்கு வந்துபோன காலத்தில், சிஸ்டர் இவளுக்குக் குளிருதாம், சிஸ்டர் இன்னொரு போர்வை கிடைக்குமா... முத்தம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அதே சிஸ்டர்தான், ஃபோனில் சிஸ்டர், கிறிஸ்துமஸ் வாழ்த்தில் சிஸ்டர். அப்படியானால் கேட்டில் எந்த சிஸ்டரைச் சொன்னார்? நர்ஸ் என்றா? அதுவாக இருந்தாலும் நியாயமா, பென்ஷன் வாங்குகிற மனிதர் ஏரி பார்க்க வரும்போது கூடவே ஒரு நர்ஸை அழைத்து வந்திருக்கிறாராமா? இல்லை, அவன் பெஹன்ஜி என்றதும் இவர் தலையை ஆட்டினாரே, ஆட்டினார், அவள் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். அவர்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு பையனும் பெண்ணும் நின்றார்கள், காலேஜ் பிள்ளைகள், அவர்களை அதே கை வெளியே போகச் சொன்னது, அந்தப் பெண் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டு போனாள், அப்போது பிலோமினாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை, படிக்கிற வயதில் இதுகளுக்கு இது தேவையா என்றுகூட... அதை நினைத்ததும் முகம் இன்னும் சூடானது.

"சிஸ்டர், கொஞ்சம் மெதுவா."

"வழி நேராத்தான் போகுது, வாங்க சார்." திரும்பாமலே சொன்னாள். சார்! அவள் மட்டும் என்னவாம், அவளும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் கேட்டில் யாராவது கேட்டால் இவர் என் சார் என்றா சொல்வாள்... அது வேறு. பாதையின் இரண்டு பக்கமும் விலாயதி கீகர் மண்டிக் கிடந்தது, நம் ஊர் சீமைக்கருவேலமேதான், உள்ளே நுழைந்ததும் சிரிப்பாக ஏதாவது சொல்வார் என்று ஆட்டோவில் வரும்போதே நினைத்திருந்தாள், ராமநாதபுரத்துக்காரன் கருவேலங்காட்டைப் பார்க்க டெல்லியில் டிக்கெட் வாங்கியிருக்கிறேன், எங்க ஊர்ல இதை வெட்டிக் கரி போடுவாங்க என்று, ஆமாம், நிச்சயம் சொல்லியிருப்பார், அவளும் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார். ஒரு மயில் பாதையைக் கடக்க வந்து, அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்து, திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. போ, நீயும் போ.

டிசம்பரில் ஆரம்பித்த பழக்கம் இது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு சந்திரசேகரை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், காலனிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால் செக்கு மாடு மாதிரி இருக்கிறது என்றார், உங்களுக்கு எப்ப ஆஃப் சிஸ்டர் என்றார். முதலில் லோதி கார்டன், அப்புறம் ஹவுஸ் காஸ் ஏரி, ஒக்லாவில் யமுனைக் கரை, நுரையும் நாற்றமுமாக ஓடுகிற தண்ணீரில் அத்தனை தூரத்திலிருந்து வந்து இறங்கியிருக்கின்றனவே இந்த வாத்துகள், இதுகளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். சஞ்சய் வனத்தில் அவள் புடவைக் கரையில் முள்கொத்து ஒன்று மாட்டிக்கொண்டது, அவள் இழுத்திருந்தால் கிழிந்திருக்கும், இருங்க இருங்க என்று அந்த மனிதர் மடக்கவே கூடாத முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தார், எடுத்து முடித்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை, நடைக்கு வந்த ஒரு சர்தார்ஜியும் அவளுமாகச் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள், சர்தார்ஜி போன பிறகு இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்... அண்ணன் செய்கிற காரியமா அது? அவளுக்கும் கூடப்பிறந்தவன் ஒருவன் இருக்கிறான் ஊரில், அவன் செய்வானா, முள் குத்தினால் பார்த்து நடக்க வேண்டியதுதானே கழுதை என்பான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் புடவையை ஏன் உடனே துவைக்கப் போடவில்லை... சரி, அது இப்போது எதற்கு. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, எதையும் கேட்கவில்லை, அது ஒரு நல்ல விஷயமாகத்தான் இருந்தது இத்தனை நாளும், எங்கிருந்தோ ஒரு பையன் வந்து கையை நீட்டுகிறவரை.

வீட்டில் மட்டும் யாரும் கேட்கவில்லையா? மருமகள் ஃபெபி கேட்டாள், லஞ்ச் பாக்ஸை மூடிக்கொண்டே, "யார் கூட மம்மி, வாக்கிங்?" என்று. "ஒரு ஃப்ரெண்டு" என்றாள் பிலோமினா. அந்த வார்த்தையில் ஆணா பெண்ணா என்று தெரியாது, ஃபெபி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண், பாதி ஹிந்தியில்தான் யோசிப்பாள், "அச்சா, ஹாஸ்பிடல் ஃப்ரெண்டா" என்று அவளாகவே முடித்துக்கொண்டாள், பிலோமினா இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அது பொய் ஆகாது. ஜெரால்டுக்கு அப்பா என்றால் உயிர், போய்ச் சேர்ந்துவிட்ட அவள் புருஷன் இருதயசாமியின் படத்துக்கு இன்றும் அவன் கையால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவான், இதைக் கேள்விப்பட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுவான், அதை யார் பார்த்துக்கொண்டிருப்பது. இருதயசாமி இருந்திருந்தால்... இருந்திருந்தால் அந்தக் காவல்காரன் கேட்டே இருக்க மாட்டான், நெற்றியில் ஒட்டியிருக்கிற மாதிரி புருஷன் பெண்டாட்டி என்று பார்த்தவுடனே தெரியும் போலிருக்கிறது உலகத்துக்கு, சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தால்கூட உள்ளே விடுவான், ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிறவர்களையும் விடுவான், ஃபேமிலி! பாதி ராத்திரியில் எத்தனை குடும்பங்கள் வார்டு வாசலில் நின்று உன் அப்பனா என் அப்பனா என்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள் அவள். அந்தக் காவல்காரனை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளுடைய வார்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

மரங்கள் சட்டென்று விலகி, பள்ளத்தில் ஏரி தெரிந்தது. ஒரு காலத்தில் கல்லுக்காகவும் மணலுக்காகவும் வெட்டிப் போட்ட குழியில் மழைத்தண்ணீர் தேங்கினதாம், பாறைச் சுவர்களுக்கு நடுவில் அப்படி ஒரு நீலம், டெல்லியில் இந்த நிறத்தில் தண்ணீர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டாள், கோபத்தில் இருக்கும்போது பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது, அதுவும் எரிச்சலாக இருந்தது. கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அவள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தார் சந்திரசேகர், கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, மறு ஓரத்தில், நடுவில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார். அண்ணன்கள்கூட இவ்வளவு இடம் விட மாட்டார்கள்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். தங்கச்சிதானே நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக, அவருக்குப் பதில் தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் துடைப்பது மாதிரி. "கேட்டுல நிக்கிற இவனுங்க மொபைல்ல வீடியோ எடுப்பானுங்க சிஸ்டர். பேர் என்ன, வீடு எங்கன்னு கேட்டு எடுப்பானுங்க. அப்புறம் அது உங்க ஆஸ்பத்திரி குரூப்புல சுத்தும், சர்ச் குரூப்புல சுத்தும். எனக்கென்ன, நான் ரிட்டயர் ஆன ஆளு. நீங்க நாளைக்கு டியூட்டிக்குப் போகணும்."

"அதுக்காக வாயில வந்த உறவைச் சொல்லிடுவீங்களா? தெரிஞ்சவங்கன்னு சொல்லலாம், பக்கத்து வீடுன்னு சொல்லலாம்."

"அதெல்லாம் ஃபேமிலி கிடையாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பான்."

"அனுப்பட்டுமே! இந்த ஏரியப் பாக்காட்டி என்ன செத்தா போயிருப்பேன்?" சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது, தண்ணீரில் இருந்த வாத்துகள் கொஞ்சம் தள்ளிப் போயின. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "பழகிப்போச்சு சிஸ்டர். போன வாரம் மேதா கேட்டா, புனேயிலேர்ந்து. அப்பா, வாரா வாரம் யார் கூடப் போறீங்கன்னு. அவகிட்டயும் இதேதான் சொன்னேன். அம்மாவைப் பாத்துக்கிட்டாங்களே அந்த சிஸ்டர், என் தங்கச்சி மாதிரின்னு" என்றார்.

மாதிரி! மகளிடம் சொன்னாராம்... அதனால்தான் அவ்வளவு வேகமாக வந்திருக்கிறது, ஒத்திகை பார்த்து வைத்த பதில், புனேயில் முதலில் சொல்லி, பிறகு இங்கே கேட்டில், நாளைக்கு காலனியில், இனி ஒவ்வொரு இடமாகச் சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிடும், ஒரு ராக்கிப் பண்டிகைக்குக் கயிற்றையும் வாங்கிக்கொண்டு வந்து கையை நீட்டுவார், கட்டிவிட வேண்டியதுதான். எழுந்து போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டினாள். தனியாக வெளியே போகிறவளை எந்த கேட்டிலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்றார் அவர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, அவருக்கும் கோபம் வரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. "நீங்களே சொல்லுங்க. என்ன சொல்லணுமோ அதைச் சொல்லுங்க, அடுத்த தடவை அதையே சொல்றேன். அவன்கிட்டயும் சொல்றேன், மேதாகிட்டயும் சொல்றேன்."

இது ஒரு கேள்வியா, இதற்குப் பதில் இல்லாமலா போகும், அவளிடம் ஆயிரம் இருக்கிறது... சிநேகிதி, அது காலேஜ் பிள்ளைகள் சொல்கிற வார்த்தை. தெரிந்தவர், தெரிந்தவர் வந்து முள் எடுப்பாரா. துணை... லாரிக்குப் பின்னால் எழுதியிருக்கிறது மாதா துணை என்று. வேண்டியவர், என்ன வேண்டுமாம்? ஹிந்தியில் தேடினாள், அங்கேயும் காலியாக இருந்தது, பெற்று வளர்த்தது, கூடப்பிறந்தது, கட்டிக்கொண்டது, இவ்வளவுக்குத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் இரண்டு பாஷையிலும், மிச்சத்தை எல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்ததே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் வெடுக்கென்று.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. திண்டுக்கல் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது, உள்ளறையில் இருந்த அவளுக்குக் கேட்கும்படி, அவளுடைய அப்பா சொன்ன அதே வார்த்தை. அதைப் போய் ஏன் இங்கே... இவர் கேட்டது அது இல்லையே. இல்லையா? ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்திரசேகர் துடைத்து முடித்த கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஏரியும் தெரியாது, வாத்தும் தெரியாது, இருந்தாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய காது மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. பிலோமினா மாட்டிய பையை மடியில் இறக்கி வைத்தாள். மனம் பொருமியது, இத்தனை நேரம் பொருமியது போல இல்லை, இது வேறு ஏதோ... கேட்பதாக இருந்தால் நேராகக் கேட்க வேண்டியதுதானே, என்ன உறவு என்று முகத்தைப் பார்த்துக் கேட்பதற்கு அந்தக் குட்காக்காரப் பையனுக்கு இருந்த தைரியத்தில் பாதிகூடவா இந்த மனிதருக்கு இல்லை?