யாருடைய கால்

சிகரெட்டை விட்ட பதினோராவது நாள் காலையில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் பால் பாக்கெட். உள்ளேயிருந்து கதவைத் திறந்த மனிதர் என்னைப் பார்த்தார், பாலைப் பார்த்தார். "உங்க வீடு மேல, சார்" என்றார். நான் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள மாடியெல்லாம் அத்துப்படி, சொந்த மாடி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி சிரித்தாள். நான் வள்ளென்று விழுந்தேன்.

"எல்லாம் உன்னாலதான். விடு விடுன்னு நீதானே பிடுங்கின?"

"நான் பத்து வருஷமா சொன்னேன், என்னை எங்க மதிச்சீங்க? டாக்டர் சொன்னாருன்னு விட்டீங்க. கோபத்த அவர்கிட்ட போய்க் காட்டுங்க."

அவள் சொன்னது சரிதான், அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. இரண்டு மாடி ஏறினால் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடுகிறது என்றுதான் டாக்டரிடம் போனேன். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு வருது. சிகரெட்டா, காலா? நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். காய்கறிக் கடையில் கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்கிற குரல். காலை வைத்துப் பிழைக்கிறவன் வேறு என்ன பதில் சொல்வான்?

விட்டால் எரிச்சல் வரும், தூக்கம் கெடும் என்று எல்லோரும் சொன்னார்கள். புத்தி போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்தாற்போல் இருந்தது. முந்தின நாள் ஏணிமேல் நின்றுகொண்டு ஸ்குரூடிரைவருக்குப் பெயர் வராமல், "அதக் குடுடா, அந்த... திருப்புறது" என்று கத்தினேன். என்னோடு வேலை செய்பவனை ஒட்டடை என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அவன் வேண்டுமென்றே ஸ்பானரை நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு இழுங்கண்ணே, தலை தெளிஞ்சிரும். இப்படியே வேலை செஞ்சா யாருக்காவது ஏதாவது ஆயிரப் போகுது."

"உன் வேலையப் பாரு" என்றேன்.

பதினோராவது நாள் அவனை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தனியாக ஓர் ஐந்து மாடிக் குடியிருப்புக்குப் போனேன். அங்கே லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிறது என்று புகார். எல்லாக் கதவும் சரியாக மூடி, ஒவ்வொன்றின் பூட்டும் உள்ளே சேதி சொன்னால்தான் லிஃப்ட் நகரும். ஒரு பூட்டு கெட்டாலும் எல்லாம் நின்றுவிடும். எது கெட்டது என்று கண்டுபிடிக்க, மேலே மெஷின் ரூமில் ஒரு சின்னச் சிவப்பு வயரை மாட்டி லிஃப்டை ஏமாற்றுவோம். அதற்கு ஜம்பர் என்று பெயர். அது மாட்டியிருக்கும்வரை, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிஃப்ட் நம்பும். வேலை முடிந்ததும் முதல் காரியம் அதைக் கழற்றுவது.

மூன்றாவது மாடிப் பூட்டில்தான் கோளாறு. மாற்றினேன். மெஷின் ரூமில் ஏறி, சாமான்களைப் பையில் போட்டு, அறையைப் பூட்டினேன். பழைய நாளாக இருந்தால் வெளியே மொட்டை மாடியில் நின்று ஒன்று பற்ற வைத்திருப்பேன். அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நின்றால் கை சட்டைப்பையைத் தேடும் என்று பயம். ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே பையைத் திறந்தபோது ஜம்பர் இல்லை. பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். மூன்று தடவை தேடினேன். அது அந்த மெஷின் ரூமிலேயே மாட்டியபடி இருந்தது. அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போன வழியெல்லாம் யாரையெல்லாம் திட்டினேன் என்று நினைவில்லை.

வாட்ச்மேன் வாசலிலேயே நின்றிருந்தார், முகமெல்லாம் பல்.

"வாங்க சார். இப்ப பிரமாதமா போகுது. கதவு மூடுற வரைக்கும்கூட காத்திருக்கறதில்ல, அதுக்குள்ளயே கிளம்பிடுது."

"யாராவது ஏறினாங்களா?"

"நாலஞ்சு பேர் ஏறினாங்க. நாலாவது மாடி டீச்சரம்மாதான் கொஞ்சம் தடுமாறிட்டாங்க. வயசாயிடுச்சுல்ல, செருப்பு மாட்டிக்கிச்சு."

செருப்பைக் காட்டினார். குதிகால் பக்கம் பாதி பிய்ந்திருந்தது. அதற்குள் ஒரு கால் இருந்திருக்கிறது. லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படியேறினேன். மூன்றாவது மாடியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டே ஏறிப் போய் வயரைக் கழற்றினேன்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. இத்தனை வருஷமாக நான் அந்த மொட்டை மாடிகளில் புகை மட்டும் இழுக்கவில்லை. ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள், கடைசியாக முடுக்கிய ஸ்குரூவிலிருந்து முதலில் மாட்டிய வயர்வரை பின்னோக்கி ஒவ்வொன்றாக மனசுக்குள் பார்த்துவிடுவேன். அது எனக்கே தெரியாது. சிகரெட்டை விட்டபோது அதையும் சேர்த்து விட்டிருக்கிறேன். என் காலைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தர் காலைக் கொடுக்க இருந்தேன். அப்போது ஒரு பாக்கெட் முன்னால் இருந்திருந்தால் முழுதும் குடித்திருப்பேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலாவது மாடியில் டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலை நீட்டியிருந்தார். கணுக்கால் வீங்கி, தோல் உரிந்திருந்தது.

"லிஃப்ட்காரரா? உங்களுக்கு வீண் அலைச்சல் தம்பி. என் தப்புதான். ஆமை மாதிரி ஏறினேன்" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார் பின்னால் வந்த வாட்ச்மேன்.

தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வயர் பைக்குள் வந்தாயிற்று, பார்த்தவர் யாருமில்லை. சொன்னால் வேலை போகும், இந்த வயசில் எவன் சேர்த்துக்கொள்வான்? தலையாட்டப் போனேன். அந்த அம்மாள் தன் காலையே திட்டுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"உங்க தப்பு இல்லம்மா. நான் ஒரு வயரக் கழட்டாம போயிட்டேன். அதனாலதான் கதவு திறந்திருக்கும்போதே கிளம்பிருக்கு" என்றேன்.

வாட்ச்மேன் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிற்று. டீச்சரம்மா காலிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எப்படி மறந்தீங்க?"

"சிகரெட் விட்டு பதினோரு நாளாச்சும்மா. தலையே சரியில்ல."

"பதினோரு நாளா தலை சரியில்லன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் எதுக்கு வேலைக்கு வந்தீங்க?"

வகுப்பில் கேட்கிற கேள்வி மாதிரி நிதானமாகத்தான் கேட்டார்.

"இதையெல்லாம் வியாதின்னு சொல்லி எப்படிம்மா லீவு கேக்கறது? சிரிப்பாங்கன்னு நினைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று சூப்பர்வைசருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம், மற்றதை எழுத்தில் அனுப்புகிறேன் என்றார். பிறகு ஒட்டடையைக் கூப்பிட்டேன். இருபது நிமிஷத்தில் வருவதாகச் சொன்னான்.

"நான் இந்தக் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகணும். படி இறங்க முடியாது. இப்ப லிஃப்ட்ல போகலாமா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"வேண்டாம்மா. இன்னொருத்தன் வர்றான், அவன் பார்த்துட்டுச் சொல்லட்டும்."

"அதான் வயரக் கழட்டிட்டீங்கல்ல?"

கழற்றி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த அம்மாளின் காலைப் பார்த்துக்கொண்டு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"கழட்டிட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.