பாடற்குழுவில் மாட்டு டாக்டர்

ஆலயச் சுவரிலிருந்த பித்தளைப் பலகையின் திரையைப் போதகர் விலக்கியதும், மறைந்த மாட்டு டாக்டரின் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஊர் மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் என்று எழுதியிருந்தது சரிதான். அதற்குக் கீழே, 'முப்பது வருடம் நம் பாடற்குழுவில் பாடியவர்' என்றும் இருந்தது. அவர் வெள்ளிதோறும் பயிற்சிக்குக் கிளம்பிப் போனது உண்மை. ஆனால் வீட்டில் ஒருநாளும் ஒரு வரி பாடியதில்லை. கேட்டால், தொண்டை சரியில்லை என்பார்.

கூட்டம் கலைந்ததும், மனைவி ஆர்கன் வாசிக்கும் டீச்சரை ஓரமாக அழைத்தார்.

"மறைக்காம சொல்லுங்க டீச்சர், அவருக்குப் பாட வருமா?"

டீச்சர் நெளிந்தார். "வராதுக்கா. பின்வரிசையில நின்னு வாயை மட்டும் அசைப்பார். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் சேர்த்துக்கிட்டீங்க?"

"மலைமேல இருக்கிற நாலு பேரை அவர்தான் ஜீப்புல கூட்டிட்டு வருவார். அவங்க இல்லேன்னா குழுவே இல்ல. பாட்டு முடியறவரைக்கும் வெளியில உக்காருங்கன்னு ஒருநாள் சொன்னோம். முகம் வாடிப்போச்சு. அதுக்கப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கல."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பலகையை மாத்தச் சொல்லட்டுமாக்கா?"

"இருக்கட்டும். அவர் எங்க நிப்பார்?"

டீச்சர் பின்வரிசையின் தூணோரத்தைக் காட்டினார். மனைவி மரப்படியேறி அங்கே போய் நின்று, ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். ஆர்கன் முழங்கியதும் காலடிப் பலகை அதிர்ந்து, அந்த ஒலி நெஞ்சுவரை ஏறியது.

"இதுக்குத்தான் வந்து நின்னிருக்கார். இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.