மேட்டு வீட்டுக் காற்று

மார்கழி பிறந்தால் பகவதிக்குத் தூக்கம் பிடிக்காது. குளிருக்கோ இருட்டுக்கோ அவள் பயப்படவில்லை. விடியுமுன் அம்மை எழுந்து வாசல் கதவைத் திறக்கும் சத்தத்துக்குத்தான் பயந்தாள்.

அவர்கள் வீடு கிள்ளியாற்றங்கரைப் பள்ளத்தில் இருந்தது. கிழக்கே மேட்டில் கோலப்பன் மாமா வீடு. நடுவில் மாமாவின் சுண்ணாம்புச் சூளை. அம்மை பிச்சம்மாளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்தான். பாகம் பிரித்தபோது மேட்டைத் தான் வைத்துக்கொண்டு பள்ளத்தைத் தங்கை தலையில் கட்டினார். அன்றைக்கு அறுந்த பேச்சு.

பகலில் கடல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது சூளையை மூட்டினால் புகை மாமா வீட்டுக்குள் போகும். அதனால் அவர் ஊர் அடங்கிய பிறகுதான் தீ வைப்பார். இருட்டினால் பொன்முடிப் பக்கத்து மலைக்காற்று இறங்கி, சிப்பி வேகும் நாற்றத்தையும் ஈரத் தேங்காய்மட்டைப் புகையையும் பள்ளத்தில் கொண்டு கொட்டும். மழைக்காலமானால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழியில் விடிகிற நேரம் இலைகூட அசையாது. வந்த புகை வெயில் ஏறும்வரை அங்கேயே குத்தவைத்திருக்கும். நாலு வயதுத் தம்பி நம்பிக்கு அப்போதுதான் மூச்சிழுப்பு வரும்.

அப்பா வேலப்பன் புகார் கொடுத்து ஒரு மலையாளி சுகாதார இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். அவர் வந்தது உச்சி வெயிலில். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "புகயொண்ணும் இல்லல்லோ! நல்ல காற்றாணல்லோ!"

"எங்க மச்சானுக்கு மூக்குலதான் சீக்கு, சாரே" என்றார் மாமா. இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் வேலியோரம் அப்பாவிடம் வந்தார். "ராத்திரி விளிச்சிட்டு வாரும்வே. எந்த ஆப்பீசு ராத்திரி தொறந்திருக்குன்னு நானும் பாக்கேன்."

பகவதி அம்மையிடம் சொல்லிப் பார்த்தாள். "வெயில் வந்தப்பொறவு கதவத் தொறப்பம்மா."

"மார்கழி வெளுப்புல வாசல் அடைச்சுக் கெடந்தா லச்சுமி எது வழியாட்டி வருவா?"

ஒருநாள் பகவதியே இரகசியமாகத் தாழ்ப்பாள் போட்டாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. "அவன் புகைய அனுப்புகான், நீ மூதேவிய விளிக்கியா?"

அப்பா கடைக் காரியமாக நாகர்கோவில் போயிருந்த விடியற்காலை அது. திறந்த வாசலில் அம்மை ஏற்றிவைத்த விளக்கு புகைக்குள் மங்கிச் சிவந்து தெரிந்தது. பாயில் நம்பியின் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அம்மை அடுக்களையில் சுக்குவெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

பகவதி தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். புகை இல்லாத இடம் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். சூளையைச் சுற்றி மேடேறி, மாமா வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அங்கே காற்று பச்சைத் தண்ணீர் போல இருந்தது.

மாமா அரிக்கன் விளக்கோடு வந்தார். "எறங்குட்டி. ஒப்பாரி வைக்க எனக்க படிதான் கெடச்சுதா?"

"இங்க புகையில்ல மாமா."

"பின்ன? அதுக்குத்தான மேட்ட எடுத்தேன்."

"காத்து மாறுகது வரைக்கும் இருக்கேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

"நாய அவுத்து விடுவேன், பாத்துக்க."

பகவதி தம்பியை இறுக்கிக்கொண்டாள். அதற்குள் அம்மை தலைவிரிகோலமாக மேடேறி வந்தாள். "ஏட்டி! அவனுக்க படியிலயா? எந்திரிட்டி! எம்புள்ள செத்தாலும்…"

பாதியில் நின்றாள். நம்பியின் மூச்சு இப்போது விசில் அடிக்கவில்லை. கரகரவென்று இழுத்தாலும் உள்ளே போய் வந்தது. அம்மை அண்ணன் முகத்தைப் பார்க்காமல் வந்து படியில் உட்கார்ந்தாள்.

மாமா உள்ளே போய்ப் படாரென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

உள்ளேயிருந்து முத்தாரம்மாள் அத்தையின் குரல் சீறியது. "மார்கழி வெளுப்புல வாசல அடைக்கேரே, புத்தி பெரண்டு போச்சா? தொறவும்வே!"

தாழ் விலகியது. கோலப்பொடியும் செம்புமாக அத்தை இறங்கி வந்தாள். அவர்கள் கால்களை விலக்கச் சொல்லாமல், சுற்றித் தண்ணீர் தெளித்துப் புள்ளி வைத்தாள்.

அம்மை திறந்த கதவைப் பார்த்து, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"நாளைக்கு வரும்போ பாயும் எடுத்துக்கோட்டி."