நிரோசனைப் பற்றிச் சொல்ல வேண்டியது

கடலில் இறந்த நிரோசனின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் இரண்டு பேர் பேசுவதென்று முடிவாயிற்று. ஒருவர் பாண்டிருப்பு மீனவர் சங்கத் தலைவர் கனகசபாபதி. மற்றவன் ஜவுபர்.

"கடைசியா அவனோட கடல்ல இருந்தது நீதான். நீ ஆறுதலா நாலு சொல் சொன்னாத்தான் தாய்க்காரிக்கு மனம் ஆறும்," என்று கனகசபாபதி ஜவுபரின் ஊரான மருதமுனைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஜவுபருக்குச் சோறு இறங்கவில்லை.

தோணி கவிழ்ந்ததும் அலையில் பிரிந்துபோனோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். நடந்தது வேறு. மிதந்தது ஒரேயொரு வெறும் மண்ணெண்ணெய்க் கேன். அது இரண்டு பேரைத் தாங்காது. தோணி அடித்து ஜவுபரின் வலது தோள் அசையவில்லை. நிரோசன் கேனை அவன் நெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கரைப்பக்கம் நீந்தினான். அதற்குப் பிறகு அவனை உயிரோடு யாரும் காணவில்லை.

இது ஜவுபரின் மனைவி அஸ்பியாவுக்கு மட்டும் தெரியும். கூட்டத்தில் பேச அவன் எழுதி வைத்த தாளை அவள் வாசித்தாள். நல்ல உழைப்பாளி, எல்லோருக்கும் உதவுபவர் என்று இருந்தது.

"இத ஆரைப் பத்தியும் எழுதலாமே," என்றாள்.

"உண்மையச் சொன்னா, என்ட மகன்ட உயிர வாங்கிட்டு வந்து நிக்கிறியா எண்டு அந்தம்மா கேப்பா."

"கேக்கட்டும். கேக்கிறதுக்கு அவவுக்கு உரிமை இரிக்கி."

முப்பத்தோராம் நாளன்று பந்தலில் முன்வரிசையில் நிரோசனின் தாய் சின்னத்தங்கம் இருந்தார். ஜவுபர் ஒலிவாங்கி முன் நின்று தாளை விரித்தான். இரண்டு வரி வாசித்தான். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பிறகு கேனைப் பற்றிச் சொன்னான். ஒன்றும் விடாமல் சொன்னான்.

பின்னால் யாரோ கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பும் சத்தம் கேட்டது. சின்னத்தங்கம் எழுந்து நேரே ஜவுபரிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தான். விலகவில்லை.

"அவன் பயந்தவனா, தம்பி?"

"இல்லம்மா. நான்தான் பயந்து கத்தினன். 'கத்தாத மச்சான், களைச்சுப் போயிருவ. நான் போய் ஆக்களக் கூட்டிட்டு வாறன்' எண்டு சொன்னான்."

"மச்சான் எண்டா சொன்னவன்?"

"ஓம்."

அவர் அவனுடைய வலது தோளைப் பார்த்தார். "இன்னும் தூக்க ஏலாதா?"

"ஏலாதம்மா."

"ஆருமில்லாமத் தனியக் கிடந்து செத்தான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். நீ ஏன் முதலே வந்து சொல்லல்ல?"

"உங்களப் பாக்கப் பயம்."

சின்னத்தங்கம் அவனைக் கூட்டிக்கொண்டுபோய்ப் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அடுத்து கனகசபாபதி பேசியதில் ஒரு சொல்லும் ஜவுபரின் காதில் விழவில்லை. சின்னத்தங்கம் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைப்பதும், அவன் பக்கம் குனிந்து, "பிறகு என்ன சொன்னவன்?" என்று கேட்பதுமாக இருந்தார்.