கூலியை வைத்த கை

பொய்மீன்காரி என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பொய் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வித்தை கொஞ்சம் தெரிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். மரத்தில் விரல் நீளத்துக்கு மீன் செதுக்கி, வயிற்றில் ஈயம் வைத்து, வண்ணம் பூசி, தூண்டில் முள் மாட்டி விற்கிறவள். தண்ணீரில் இழுத்தால் அது உயிருள்ள மீன் மாதிரி நெளியும், பெரிய மீன் நம்பி வந்து கவ்வும். அந்தச் சாமானின் பெயரே செய்கிறவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

இளமை முழுவதையும் அவள் இதே பொய்மீன் செய்கிற ஒரு பட்டறையின் பெஞ்சில் தேய்த்தாள். அங்கே கூலி என்ற பெயரில் முதலாளி கொடுத்தது கைக்கும் வாய்க்கும் எட்டாத காசு. ஒருநாள் தூரிகையை அவன் மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே வந்தாள். "இனிமே நான் ஒருத்தர் கையைப் பிழிஞ்சு சாப்பிட்டா அது எனக்குச் செரிக்கவே கூடாது" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் இரவுக் காவலாளி, பகலெல்லாம் தூங்குகிறவன். "செரிக்கறது இருக்கட்டும், முதல்ல சாப்பாட்டுக்கு வழி பாரு" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

வழி பிறக்கத்தான் செய்தது. தூண்டில் கடைக்காரர் அவள் சரக்கைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்துவிட்டு மாதாமாதம் வேண்டும் என்றார். தனி ஆளாகச் செய்து மாளவில்லை. அந்த நேரம் பார்த்து நாத்தனார் வீட்டில் இடி விழுந்திருந்தது. அவள் புருஷன் பஸ் ஓட்டுநர். முதுகெலும்பு பழுதாகிப் படுக்கையில் கிடந்தார். நாத்தனார் வெளியே வேலைக்குப் போக முடியாது, வீட்டில் உலையும் வைத்தாக வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, வண்ணம் பூசுவது, செவுள் கோடு இழுப்பது, கண் வைப்பது, இவ்வளவையும் வீட்டுக்கே எடுத்துப்போய்ச் செய்துதா என்றாள் பொய்மீன்காரி.

கூலி வைக்கிற அன்று அவள் ஒரு நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள். நாள் முழுக்க உழைக்கிற ஒருவருக்குச் செலவு போகக் கையில் கொஞ்சம் மிஞ்சுகிற மாதிரி ஒரு தொகையை முடிவு செய்தாள். பிறகு சமையல் மேடையில் கடிகாரத்தை வைத்து, அத்தனை வேலையையும் தானே செய்து பார்த்தாள். ஒரு நாளில் தன் கையால் எத்தனை மீன் முடியுமோ, அத்தனைக்கும் அந்தத் தொகையைப் பகிர்ந்தாள். வந்ததுதான் ஒரு மீனுக்குக் கூலி.

"இவ்வளவா அண்ணி?" என்றாள் நாத்தனார். கண் கலங்கிவிட்டது.

"நான் ஒண்ணும் தர்மம் பண்ணல. உன் உழைப்புக்கு நியாயமா என்ன வருமோ அது. நிமிந்து நின்னு வாங்கு."

அன்று முழுக்கப் பொய்மீன்காரிக்குத் தலைகால் புரியவில்லை. ஈயத்தை வயிற்றில் எந்த இடத்தில் வைத்தால் மீன் நெளியும் என்கிற தன் தொழில் ரகசியத்தைக்கூட நாத்தனாருக்குக் காட்டிக் கொடுத்தாள். நம்ம வீட்டுப் பெண்தானே என்று நினைத்தாள்.

நாத்தனார் சொன்ன தேதிக்குச் சரக்கைக் கொண்டுவந்தாள். ஆனால் வரவர முகம் வாடியிருந்தது. புருஷனைப் பார்க்கிற கவலை என்று பொய்மீன்காரி விட்டுவிட்டாள். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியில் மீன்களைப் போட்டு இழுத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. பாதி மீன்களில் செவுள் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மீதிப் பாதியில் எதிர்ப்பக்கமாக. வலது கைக்காரர் இழுக்கிற கோடு அப்படிச் சாயாது. நாத்தனாருக்கு வலது கைதான். அந்த வீட்டில் இடது கையால் சாப்பிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவர் ஒருவர்தான் உண்டு.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். பஸ் ஓட்டுநர் குப்புறப் படுத்திருந்தார். தலைமாட்டில் பலகை, இடது கையில் தூரிகை. அவளைப் பார்த்ததும் தூரிகையைத் தலையணைக்கு அடியில் ஒளித்தார். உறையெல்லாம் சிவப்பு வண்ணமாகிவிட்டது. நாத்தனார் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருந்தது.

"தங்கச்சி, நான் பஸ் ஓட்டினவன். மீனுக்குக் கண்ணு வெக்கறேன்னு வெளியில சொல்லிடாதம்மா" என்றார் அவர்.

"எதுக்கு அண்ணா இந்த உடம்போட?"

நாத்தனார்தான் பதில் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க நியாயமாத்தான் குடுக்கறீங்க. எனக்குத்தான் கை வரல. விடிஞ்சா ஆரம்பிச்சு விளக்கேத்தற வரைக்கும் ரெண்டு பேரும் செஞ்சாத்தான் நீங்க சொன்ன ஒரு நாள் கூலி வருது."

பொய்மீன்காரிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பட்டறையில் முதலாளி கைக்கடிகாரத்தோடு வந்து நிற்பது யார் முதுகுக்குப் பின்னால்? அவள் முதுகுக்குப் பின்னால்தான். அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்துத்தான் அத்தனை பேருக்கும் அவன் கூலி வைத்தான். பக்கத்துப் பெண்கள் அவள் தொடையைக் கிள்ளுவார்கள், மெதுவாகச் செய்யேண்டி என்பார்கள். சோம்பேறிகள் என்று அவள் சிரிப்பாள். அதே கையை வைத்துத்தான் இப்போது நாத்தனாருக்கு நியாயம் வழங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரின் கையைக் கணக்கில் வைத்துக் கூலியைத் திரும்பப் போட்டாள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. விலையைக் கூட்டிக் கேட்கக் கடைக்காரரிடம் போனாள்.

அவர் சிரித்தார். "அம்மா, இந்த விலைக்கு மார்க்கெட்டுல நிஜ மீனே கிடைக்குதே. அப்புறம் எவன் தூண்டில் போடுவான்?"

மேலே ஒரு காசு தேறவில்லை. புதுக் கூலியைத் தன் பங்கிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்தாள். அப்படிக் கொடுத்தால் பாதி மீன்களுக்குத்தான் கொடுக்க முடியும். மீதியைத் தானே ராத்திரி பகல் பாராமல் செய்துகொள்ள வேண்டும், செதுக்க நேரம் போதாமல் மொத்தச் சரக்கும் பாதியாகிவிடும். நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். நாத்தனார் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அண்ணி, பழைய கூலியே போதும். எல்லா வேலையையும் எனக்கே குடுங்க."

"உங்க ரெண்டு பேர் கையைப் பிழிஞ்சு நான் சாப்பிடணுமா? செத்தாலும் மாட்டேன்."

நாத்தனார் கொஞ்ச நேரம் விரலில் இருந்த துணியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினாள். "நீங்க நியாயமா குடுக்கறது பாதி மாசத்துக்குத்தான் காணும் அண்ணி. மீதி நாள் நாங்க என்ன பண்றது? உங்க பழைய முதலாளி அநியாயமா குடுத்தாலும் மாசம் பூரா குடுக்கறாராம்."

அடுத்த வாரம் அவள் பட்டறையில் சேர்ந்துவிட்டாள். புருஷனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். பொய்மீன்காரி கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. யார் மேல் கோபம் என்று புருஷன் கேட்டான். அவள் உளியைத் தீட்ட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாளில் கடைக்காரர் சரக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பட்டறைச் சரக்கும் இப்போது அதே மாதிரி நெளிகிறதாம், விலையும் மலிவாம். நாத்தனார் வீட்டுக்கு வந்து அழுதாள். "ஈயம் எங்க வெக்கணும்னு கேட்டாங்க அண்ணி. தெரியாதுன்னா வேலை போயிடுமோன்னு பயந்து சொல்லிட்டேன்." அவளைத் திட்ட வார்த்தை வாய் வரை வந்தது. துணி சுற்றிய விரல்களைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள்.

வேறு கடைகளுக்கும் அலைந்து பார்த்தாள். எல்லோரும் பட்டறை விலைக்குக் கேட்டார்கள். வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்ட அன்று, அவள் தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"வந்துட்டியா! உன் இடத்துல ஒருத்தரையும் உக்கார வெக்கல" என்றான் முதலாளி. அவன் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாத்தனார் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். குனிந்துகொண்டே காதருகில் சொன்னாள்: "அண்ணி, வாட்சோட வருவார். மெதுவா பண்ணுங்க. இப்பத்தான் நாங்கெல்லாம் கெஞ்சிக் கூத்தாடிக் கூலியைக் கொஞ்சம் ஏத்த வெச்சிருக்கோம்."

பொய்மீன்காரி தலையசைத்தாள். இந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். ஒரு மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூரிகையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். ஒரு கோடு இழுத்துவிட்டு வேண்டுமென்றே இருமினாள். எதிர் பெஞ்சில் ஒரு பெண் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

பிறகு நினைப்பு எங்கோ போய்விட்டது. வாசலில் நின்று கத்தின வீட்டுக்காரர், தலையணையில் ஊறின சிவப்பு, தொட்டித் தண்ணீரில் சாய்ந்து சாய்ந்து போன கோடுகள். தலையைத் தூக்கியபோது அவள் முன்னால் ஒரு வரிசை மீன் கண் வைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. கை அதுபாட்டுக்கு ஓடியிருந்தது. அதற்கு வேறு வேகம் தெரியாது.

முதுகுக்குப் பின்னால் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு மீன் முடியாது முடியாதுன்னீங்களே, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்கம்மா" என்றான்.

பொய்மீன்காரி தூரிகையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நாத்தனார் விரலில் இருந்த துணியைப் பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே அடுத்த மீனை எடுத்து, வேகவேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.