நான்காவது நிறம்

"தலையணையை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்கம்மா, மேடத்தோட முகம் திரையில விழல," என்றார் இயக்குநர்.

மகள் ஏற்றவில்லை. ஈரப்பஞ்சால் அம்மாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். காலையில் வந்த மருத்துவர், "இன்னைக்குத் தாண்டினாலே பெரிசு," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சேதி எப்படியோ அம்மா வேலை பார்த்த பல்லுயிர் வாரியத்தின் காதுக்கு எட்டி, மதியமே அதன் இயக்குநர் நேரில் வந்து இறங்கிவிட்டார். கையில் நோயாளிக்கென்று ஒரு பை ஆரஞ்சு. பின்னால் உதவியாளர், பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஒரு டேப்லெட் கணினியை ஏந்திக்கொண்டு.

"எப்பேர்ப்பட்ட அறிவாளியா இருந்தாங்க!" என்று இயக்குநர் கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இன்னும் இருக்காங்க சார்," என்றான் அண்ணன்.

"அதான், அதான்."

அம்மாவின் கண் ஆரஞ்சுப் பையிலேயே நின்றது. காரணம் பிள்ளைகள் இருவருக்கும் தெரியும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க அம்மா ஆரஞ்சைத்தான் வீசுவாள். பாதி மூழ்கி மிதக்கும், காற்றுக்கு அசைந்து கொடுக்காது, தூரத்திலிருந்தும் தெரியும். இந்த வீட்டுப் பிள்ளைகள் தின்ற ஆரஞ்செல்லாம் ஒருமுறை குளித்துவிட்டு வந்தவைதான்.

எது நிலம், எது நன்னீர், எது கடல் என்று பிரித்து வரைபடத்தில் நிறம் கொடுப்பது அம்மாவின் உத்தியோகம். நிறத்தைப் பார்த்துத்தான் சட்டம் காவலுக்கு வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் பிரிந்தன, வீட்டுக் கொல்லைப்படியைத் தொட்டுக்கொண்டு கிடந்த கழிமுகத்தைத் தவிர. மழைக்காலத்தில் அது ஆறு. கோடையில் கடல் உள்ளே ஏறி வந்துவிடும். நீர் வடிந்தால் முழங்கால் சேறு. பறவைகள் கூட்டமாக இறங்கி மேயும். கடல் மீன்கள் குஞ்சு பொரிக்க இங்கேதான் ஒதுங்கும். அம்மா அதற்கென்று நான்காவதாக ஒரு வகையை உண்டாக்கி, பாசிப்பச்சையில் ஒரு நிறமும் கொடுத்தாள். பாதி ஆயுளை அந்தச் சேற்றில் நின்றே கழித்ததால் அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே 'முன்னோடி'. முதுகுக்குப் பின்னால் 'சேத்தம்மா'.

"புது வரைபடத்துக்கு நிற அட்டை அச்சாயிடுச்சும்மா," என்றார் இயக்குநர். "பழுப்பு, வெளிர்நீலம், கருநீலம். மூணே நிறம். பார்க்கக் கண்ணுக்கு இதமா இருக்கு. நாலாவது வந்து எங்க உட்காரும்?"

"அட்டைக்காகக் கழிமுகத்தை மாத்துவீங்களா?" என்றாள் மகள்.

"மாத்தலம்மா. எளிமைப்படுத்தறோம்."

எளிமைப்படுத்திய பிறகு அது நிலம். நிலமானால் மண் கொட்டலாம். மண் கொட்டினால் வாரியத்தின் புதிய தலைமையகமான 'பல்லுயிர் மாளிகை' அங்கே எழும்பும். அடிக்கல்லில் இயக்குநரின் பெயரைச் செதுக்கி, மேலே துணி போட்டு மூடியும் ஆகிவிட்டது. உயிரினங்களைக் காக்க மாளிகை வேண்டும், மாளிகைக்கு இடம் வேண்டும், இடத்துக்காக உயிரினங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டும். இதில் அவருக்கு ஒரு நெருடலும் இல்லை.

நெருடல், வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் நிபுணர் குழுவின் தலைவிக்குத்தான். வகையை உண்டாக்கியவர் சம்மதிக்காமல் வகையை நீக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தச் சம்மதத்தைக் கறந்துகொண்டு போகத்தான் டேப் வந்திருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சில்லை, தலை மட்டும் ஆடும். எதற்கும் ஆடும். பால் வேணுமா என்றாலும் ஆடும், வேண்டாமா என்றாலும் ஆடும். போன வாரம் நலம் விசாரிக்க வந்தபோது இயக்குநர் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு போனார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் செய்த ஒரே கண்டுபிடிப்பு அது.

"பாப்பா, தகராறு வேணாம்," என்று அண்ணன் காதோரம் கிசுகிசுத்தான். பாப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. "ஒரு தலையாட்டல். வாங்கிட்டுப் போயிடுவாங்க. அம்மாவை நிம்மதியா விடுவாங்க."

"அது அம்மாவோட தலை. உன்னோடது இல்ல."

திரையில் நிபுணர் குழு சின்னச் சின்னக் கட்டங்களில் முளைத்தது. ஒருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். ஒருவருக்கு நெற்றி மட்டும்தான் இருந்தது. நடுவில் தலைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இயக்குநர் மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டார். "மேடம், கொல்லைப்பக்கக் கழிமுகம் இருக்கில்ல? அதை நிலம்னு போட்டுடலாமா?"

அம்மாவின் தலை ஆடியது.

"பார்த்துக்குங்க!" என்று அவர் திரையைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

மகள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "அம்மா, அதை ஆறுன்னு போடலாமா?"

தலை ஆடியது.

"கடல்னு?"

கொஞ்சம் தாமதித்து, லேசாக ஆடியது.

திரையில் மெல்லுவது நின்றது.

"மூணுக்கும் ஆட்டறாங்களே. எதைக் குறிப்புல ஏத்தறது?" என்றார் தலைவி.

"அது மூணும்தான் மேடம். அதைத்தான் காலமெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க."

"நோயாளியைக் குழப்பாதீங்கம்மா!" இயக்குநரின் கழுத்துப்பட்டி வியர்வையில் நனைந்திருந்தது. கட்டிலின் மேல் கவிழாத குறையாகக் குனிந்தார். "கடைசியா, தெளிவா, ஒரே ஒரு தடவை. அது நிலம்தானே? நிலம்தானே மேடம்?"

மகளின் விரலுக்குக் கீழே இவ்வளவு நேரம் நூலிழையாக ஓடிக்கொண்டிருந்த நாடி இப்போது ஓடவில்லை. விரலைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். எல்லாக் கட்டங்களும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தன. மூடிக்கொண்டாள்.

"அசையலையே," என்றார் தலைவி.

"படம் நின்னுடுச்சோ?" என்றது நெற்றி.

"இல்லையே, பின்னாடி மின்விசிறி சுத்துதே."

எல்லோரும் காத்திருந்தார்கள். மகள் கையை எடுக்கவில்லை.

"வேணும்னுதான் ஆட்டாம இருக்காங்க," என்றார் தலைவி. குரலில் மரியாதை ஏறியிருந்தது. "இந்த நிலைமையிலயும் என்ன உறுதி பாருங்க! நிலம்ங்கறதுக்கு மறுப்பு. நாலாவது வகை அப்படியே இருக்கட்டும். சம்மதமா?"

கட்டங்களில் கைகள் உயர்ந்தன. மென்றவர் விழுங்கிவிட்டு உயர்த்தினார்.

"மேடம் ஓய்வெடுக்கட்டும்," என்றார் தலைவி. திரை இருண்டது. உதவியாளர் டேப்பை மேசையில் வைத்தார்.

"அம்மா போயிட்டாங்க," என்றாள் மகள்.

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். உதவியாளர் விசை தட்டியதுபோல் வெளியே ஓடினார். இயக்குநருக்குச் சங்கதி மெதுவாகத்தான் ஏறியது.

"எப்ப? நான் கடைசியா கேட்டப்போ இருந்தாங்களா, இல்லையா? நீதானே கையைப் பிடிச்சிட்டிருந்தே?" 'நீங்க' கழன்று விழுந்திருந்தது.

"நீங்க கேட்டீங்க. அவங்க பதில் சொல்லல."

"இது மோசடி! இப்பவே குழுவைத் திரும்பக் கூப்பிடறேன்," என்று அவர் டேப்பை எடுக்கவும், உதவியாளர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சேதி தெரிந்ததும் செய்யவேண்டியதை அவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. தோளில் ஒரு ஆள் உயர மலர்வளையம். பூவில் தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை. நிலப் பிரிவு, நன்னீர்ப் பிரிவு, கடல் பிரிவு என்று மூன்று பிரிவுகளின் பெயர்களும் நாடாவில் இருந்தன. யார் பெயர் முதலில் என்ற தகராறு தீராமல் வட்டமாக எழுதியிருந்தார்கள்.

அண்ணன் கழுத்தைச் சாய்த்து நாடாவைச் சுற்றிப் படித்தான்.

"தற்செயலா... வண்டியில இருந்தது," என்றார் இயக்குநர்.

"தற்செயலா எங்கம்மா பேரும் அதுல இருக்கு," என்றான் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வளையத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். "கூப்பிடுங்க சார். அவங்க எப்ப போனாங்கன்னு குழு கேட்டா நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே தெரிஞ்சிருக்கு."

இயக்குநர் டேப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வளையத்தை எங்கே வைப்பது என்று உதவியாளர் கண்ணாலேயே கேட்டார். யாரும் சொல்லாததால் கதவில் சாய்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

அண்ணன் அம்மாவின் கண்களை மூடினான். தலையணையைத் தாழ்த்தினான். போனை எடுத்து, யாரையும் அழைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க பாப்பா. என்ன சொல்ல?"

அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கடல்னு?' என்று கேட்டபோது ஆடியது தலைதானா, மணிக்கட்டைப் பிடித்த தன் கையின் அசைவா?

எழுந்து பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் இறங்கினாள். அம்மா வீசுவதுபோலவே கையைத் தாழ்த்தி வீசினாள். பழம் முங்கி, எழுந்து, பாதியாக மிதந்தது.

சற்று நேரம் கழித்து அண்ணன் வந்து மேல்படியில் நின்றான். போன் இன்னும் கையில்தான் இருந்தது.

"எந்தப் பக்கம் போகுது?"

"பொறு," என்றாள்.

ஆரஞ்சு விழுந்த இடத்திலேயே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.