மாறன் வரைந்த அப்பா

தன் ஓவியக் கண்காட்சிக்கு அக்கா கட்டாயம் வரவேண்டும் என்று மாறன் திரும்பத் திரும்ப போன் செய்திருந்தான். தமிழ்செல்வியும் அப்பாவைப் பக்கத்து வீட்டுப் பொன்னியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துச் செங்கம் சாலைக்கு வந்தாள். ஒரு கஃபேயின் மாடியில் படங்களை மாட்டியிருந்தார்கள். வாசலில் 'அப்பாவின் மறதி' என்று எழுதியிருந்தது.

எல்லாமே அவள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்து வரைந்தவை.

அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் வேங்கிக்காலில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தது அவள்தான். சென்னையிலிருந்து தம்பி, "அப்பாவ பாக்கணும்போல இருக்குக்கா, போட்டோ அனுப்பேன்" என்று கேட்கும்போதெல்லாம், பாவம், ஏங்குகிறான் என்று அனுப்பினாள். முதல் படத்தில் ஒரு கை அப்பாவுக்கு இட்லி ஊட்டியது. போட்டோவில் அது வளையல் போட்ட அவள் கை. படத்தில் கடிகாரம் கட்டிய ஆண் கை. அடுத்த படத்தில் அப்பாவுக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தது மாறனேதான். தன் முகத்தையே வரைந்திருந்தான்.

"அப்பாவ எவ்ளோ நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க சார்," என்று ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாறன் தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்று சொல்லவில்லை.

தமிழ்செல்விக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ தான் திருடி மாட்டிக்கொண்டதுபோல. போகட்டும் என்றுகூட நினைத்தாள், கடைசிச் சுவரிலிருந்த பெரிய படத்தைப் பார்க்கும்வரை.

அப்பா இடுப்பில் துணியில்லாமல் குப்புறப் படுத்திருந்தார். முதுகுக்குக் கீழே படுக்கைப்புண், ரத்தச் சிவப்பாக. டாக்டரிடம் காட்டி மருந்து கேட்கச் சொல்லி அவள் அனுப்பிய போட்டோ அது. அதற்கு அவன் பதில்கூடப் போடவில்லை. பொன்னி உள்ளே வந்தால்கூட வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்ளும் மனுஷனை, யார் யாரோ முன்னால் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாறா, அத எறக்கு."

"அக்கா, இது நம்ம அப்பா இல்லக்கா. காலம் மனுஷன என்னா பண்ணுதுன்னு..."

"மருந்து கேட்டுத்தானடா அனுப்புனேன்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "மெதுவா பேசுக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

அவளே படத்தைக் கழற்றினாள். நல்ல கனம். யாரும் கைகொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்துவைத்துவிட்டுப் படியிறங்கினாள். தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் மறுபடியும் மாட்டிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அப்பா விழித்திருந்தார். யாரோ அன்னியரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"மாறன் வந்துட்டானா?"

அந்தப் பெயர் மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. நாளைக்கு வருவான் என்று சொல்லித்தான் தினமும் சோறு ஊட்டுவாள்.

"வரமாட்டான்பா," என்றாள்.

அவர் முகம் சுருங்கியது. சொல்லியிருக்க வேண்டாமே என்று உடனே தோன்றியது. சோற்றைப் பிசைந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை.